பஞ்சுக்குள் இருந்தது

ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் உடைய, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வை எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் உண்டு. அது சுவரில் மாட்டுவதற்குப் பயன்படும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டுக்கு மூச்சுக் கருவி வாங்கித் தரும் பொருட்டு, மகளிர் குழுவொன்று அவ்வாறான முப்பது போர்வைகளை விற்க முடிவு செய்தது. அவற்றை வடிவமைத்துத் தைக்கும் பொறுப்பு, துணி தைத்துப் பிழைக்கும் என்னிடம் வந்தது. அந்த வார்டில்தான் என் தங்கையின் மகளும் இருந்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். எடை ஒன்றேகால் கிலோ. நாங்கள் அவளை எறும்பு என்று அழைத்தோம். ஆகவே அந்த வேலையை நான் கண்ணும் கருத்துமாகத் தொடங்கினேன்.

பெரிய போர்வைக்குரிய வடிவத்தை அப்படியே சுருக்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பெரிய பூப்போட்ட துணியைப் பொத்தானளவுக்கு வெட்டினால் பூவும் இராது, இலையும் இராது. கறை போன்ற ஏதோ ஒன்று எஞ்சும். ஆகையால் பொடிப்புள்ளித் துணிகளையே தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளுக்குப் படிப்படியாக ஏறும் நாற்பத்தொன்பது சதுரங்கள்; பார்ப்பவர்க்கு விடியற்காலம் தெரிய வேண்டும். பஞ்சும் மெல்லியதாக இருத்தல் அவசியம். பஞ்சு விரிப்பை இரண்டு படலங்களாக உரித்து, ஒன்றை மட்டுமே உள்ளே வைக்க வேண்டும். இல்லையேல் போர்வை தலையணை போல உப்பிவிடும்.

பஞ்சு விரிப்பைக் குழுத் தலைவி இலவசமாகக் கொண்டுவந்தார். அவருடைய மைத்துனர் ஒரு தங்கும் விடுதி நடத்துபவர். விரிப்பு இரு பக்கமும் பசை பூசி அழுத்தப்பட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. முதல் துண்டை நான் உரித்தேன்.

உள்ளே பஞ்சு பழுப்பாக இருந்தது. ஈரம் உலர்ந்து இறுகிய கட்டிகள் ஆங்காங்கே தென்பட்டன. ஒரு கட்டியிலிருந்து சுருண்ட மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தபோது, புண்ணில் ஒட்டும் பிளாஸ்திரித் துண்டு ஒன்றும், பிறை வடிவில் வெட்டிய கால்நகம் ஒன்றும் என் மடியில் விழுந்தன. பழைய வியர்வையும் சிறுநீரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. எழுந்து நின்று மடியை உதறினேன். உதறிய பின்பும் அந்த நகம் என் தொடைமேல் இருப்பது போலவே தோன்றியது.

“மேடம், இது ஆளுங்க படுத்துக் கழிச்ச மெத்தைப் பஞ்சு. உள்ள பாருங்க.”

தலைவி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

“ஆமா, விடுதியில மெத்தையெல்லாம் மாத்துனாங்க. பழசைப் பிரிச்சு அடிச்சுக் குடுத்தாங்க. அதுக்கென்ன இப்போ?”

“நகம் கிடக்கு மேடம்.”

“நகம் இல்லாத மனுஷன் உண்டா? எடுத்துப் போட்டுட்டுத் தைங்க டெய்லரம்மா. சுவத்துல மாட்டுற சாமான்தானே? யாராவது மூக்குல வச்சு மோந்து பாக்கப் போறாங்களா?” என்றவர், வாயெல்லாம் பல்லாக ஓர் அட்டையை நீட்டினார். “இதப் பாருங்க. ஒவ்வொரு போர்வையிலயும் இது தொங்கப் போகுது.”

அட்டையில் ‘வடிவமைப்பு’ என்னும் சொல்லுக்குக் கீழே என் பெயர் அச்சாகியிருந்தது. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் என் பெயரை அச்சில் நான் கண்டதில்லை.

நான் தைத்தேன். இடுக்கியால் பொறுக்கக்கூடியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, முப்பதையும் தைத்தேன். ஓரத்தை மடித்து மூடும் வரை வாடை வந்தது. மூடிய பின் வரவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

விற்பனை நாளன்று காலை, தலைவி ஒரு போர்வையோடும் புகைப்படக்காரரோடும் வார்டுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். மற்ற இருபத்தொன்பதும் அட்டைப்பெட்டியில் வராந்தாவில் இருந்தன. எறும்பு கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. தங்கை அவளை நெஞ்சின்மேல் படுக்கவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

“அக்கா, நீ தைச்சதா? கொள்ளை அழகு! பாருடி எறும்பு, உன் பெரியம்மா கைவேலையை!”

“சுவத்துல மாட்டி எடுத்தா என்னங்க இருக்கு?” என்றார் புகைப்படக்காரர். “பாப்பா மேல போர்த்துங்க. அப்பதான் பாக்கிறவங்க மனசு இளகும்.”

நர்ஸ் குறுக்கே கையை நீட்டினார். “வெளித்துணி உள்ள வரக்கூடாது மேடம். கொதிக்க வச்சதா?”

“கொதிக்க வச்சு, வெயில்ல காயப்போட்டு, இஸ்திரியும் போட்டாச்சு சிஸ்டர்,” என்றார் தலைவி, கூசாமல். “தைச்சவங்களே நிக்கிறாங்க, கேளுங்க.”

“அப்படியாம்மா?” என்று நர்ஸ் என்னிடம் கேட்டார்.

நான் போர்வையில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். அதற்குள் தலைவி போர்வையைக் குழந்தையின் முதுகில் விரித்துவிட்டார். அதன் ஓரம் அவள் மூக்கைத் தொட்டது. எறும்பு தலையைத் திருப்பி, அந்த ஓரத்தை வாயில் கவ்விச் சப்பினாள்.

நான் பாய்ந்து பிடுங்கினேன்.

“ஐயோ, என்னக்கா பண்ற? புள்ளை பயந்துட்டா!”

“ஆசையில அவங்களே போர்த்தணும்னு பாக்கிறாங்க போல,” என்று தலைவி சிரித்தார். “குடுங்க டெய்லரம்மா, நல்ல படமா வரும்.”

என்னிடம் கத்தரிக்கோல் இல்லை. தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். பழுப்புப் பஞ்சு பிதுங்கி வெளியே வந்தது. அதன் வாடையும் வந்தது.

“சீ! என்ன கண்றாவி இது?” என்ற நர்ஸ், டாக்டரைக் கூப்பிட்டபடியே குழந்தையின் வாயை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினார். “எல்லாரும் முதல்ல வெளிய போங்க!”

“எனக்கென்ன தெரியும் சிஸ்டர்?” என்றார் தலைவி. “பஞ்சை உரிச்சு வச்சது அவங்கதானே?”

தங்கை பஞ்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“உனக்கு இப்பதான் தெரியுமாக்கா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“தைக்கும்போதே தெரியும்,” என்றேன்.

அவள் நாற்காலியிலேயே உடலைத் திருப்பி, குழந்தையின் முகத்தைத் தன் தோளால் மறைத்துக்கொண்டாள்.

“கிட்ட வராதே. நீயும் வெளிய போ.”

வராந்தாவில் அட்டைப்பெட்டியின் அருகே தரையில் அமர்ந்து, முதல் போர்வையைப் பல்லால் பிரித்தேன். “இதெல்லாம் ஏற்கெனவே வாங்குற ஆளுங்களுக்குச் சொல்லி வச்சாச்சு, பைத்தியமா உங்களுக்கு?” என்று தலைவி கத்தினார்; எனினும் பஞ்சு வெளியே கிடந்தபடியால் அவர் அருகில் வரவில்லை. நான்காவதைப் பிரிக்கும்போது நாக்கில் ஒரு மயிர் ஒட்டியது. விரலால் எடுக்க முயன்றேன், வரவில்லை. துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.