மூன்றாவது ஒயர்

"வண்டி தண்டவாளத்து மேலேயே நின்னுடுச்சும்மா!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் பட்டறைக்குள் வந்தார். பின்னால் அவர் மனைவி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

முந்தின நாள்தான் அவர்களுடைய பழைய காருக்குப் புது ஸ்பார்க் பிளக் போட்டு அனுப்பியிருந்தாள் மெக்கானிக். தனி ஆளாகப் பட்டறை நடத்துகிறவள். வேலை சரியில்லை என்று அதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

"கேட் மூட மணி அடிக்குது, வண்டி உதறி உதறி அணைஞ்சு போச்சு. நாலு பேர் ஓடி வந்து தள்ளலேன்னா... முன்னெல்லாம் லேசாத்தான் நடுங்கும். நேத்து என்னதான் பண்ணே?"

"பார்க்கறேன் சார்."

கிளப்பினாள். குளிர்ஜுரம் கண்டதுபோல் இன்ஜின் ஆடியது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். முதலாவதைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் தொய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை.

"இதுதான் வேலை செய்யாம உட்கார்ந்திருக்கு."

பிளக்கை இடம் மாற்றிப் பார்த்தாள். கோளாறு பிளக்கோடு போகவில்லை, மூன்றாவதிலேயே இருந்தது. அப்படியானால் ஒயர். வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டரைப் பாதி இறக்கி, ஒயர்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி கிளப்பினாள். அரையிருட்டில் 'டிக் டிக்' என்று நீலப்பொறி ஒயரின் கழுத்திலிருந்து இன்ஜின் இரும்புக்குத் தாவியது.

அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றினாள். ரப்பர் கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரத்தில் குறட்டின் பல் பதிந்த தடம். நேற்று கைக்கு வராமல் அடம்பிடித்த ஒயரை, அவசரத்தில் குறட்டால் பிடித்து இழுத்தது அவள்தான்.

"ஒயர் இத்துப் போச்சா?" என்றாள் வாத்தியாரின் மனைவி.

ஆமாம் என்றால் முடிந்துவிடும். அந்த அம்மா கைப்பையை இன்னும் நெஞ்சோடு அணைத்திருப்பதைப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான் குறடு போட்டு இழுத்ததுல கிழிஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

"ரெண்டு உசுரும்மா," என்றார் வாத்தியார், மெதுவாக. அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான்கு ஒயர்களையும் மாற்றினாள். இன்ஜின் ஆடாமல் ஓடியது. வாத்தியார் கால்மணி நேரம் பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். இனி வருவாரா, தெரியாது.

அவள் போனை எடுத்தாள். நேற்று ஒரு டாக்சிக்கும் பிளக் மாற்றியிருந்தாள், அதே அவசரத்தில்.

"அண்ணே, டாக்சியை எடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான் கிளம்பறேன். ஏன்மா?"

"எடுக்காதீங்க. நான் பண்ண வேலையில சந்தேகம். அங்கேயே இருங்க, இதோ வந்துட்டேன்."

கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.