அனலி யாருடைய மகள்?

அனலி தளபதியின் மகள் என்று தெரியவந்த அன்று எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக நிறுத்தியிருக்கிறார்கள். குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகியதற்காக நிறுத்தியிருக்கிறார்கள். விண்வெளிக்காக நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அனலியைத் தெரியாதவர்கள் உடும்பஞ்சோலைப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். வாரப் பத்திரிகை ஒன்றில் எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையில் 'வெண்பருந்து' என்றொரு விண்கலம் தளபதி இந்திரசேனன் தலைமையில் கிரகம் கிரகமாகச் சுற்றியது. அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டான். வெண்பருந்து இன்னும் எங்கும் போய்ச் சேர்ந்தபாடில்லை. அனலி அதில் தன் ஆத்தாவோடு உலை அறையில் கரி தள்ளுகிற பெண். விண்கலத்துக்கு எதற்குக் கரி என்று என் கல்லூரியில் கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் ஸ்டோரில் யாரும் கேட்கவில்லை. பச்சை ஏலக்காயை உலர்த்த ராவும் பகலும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்படிக் கரி தள்ளிய அனலி, கப்பலோட்டி செத்துப்போன ஒரு வாரத்தில் அழுக்குக் கையோடு சுக்கானைப் பிடித்தாள். அதற்குப் பிறகு விடவே இல்லை.

உலர்ந்த காயைத் தரம் பார்த்துப் பொறுக்கும்போது யாராவது வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஸ்டோரில் வழக்கம். வாசிப்பது இன்பமேரி சித்தி. அவள் பங்குக் காயை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கிப் போட்டுவிடுவார்கள். கதையில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால் சித்தி முன்கூட்டியே இருமுவாள். உடனே எல்லோரும் தட்டை இறக்கி வைத்துவிட்டு அழத் தயாராவார்கள்.

அந்த ஐப்பசியில் பூமாரிக்கு ஒரு ஆசை வந்தது. பூமாரி தோட்டக் கூலி சின்னமுத்து மாமாவின் மகள், எட்டாவது வரை படித்தவள். தராசுக்காரர் சுவக்கீன் கண் மங்கிப்போய் மகன் வீட்டோடு கம்பத்துக்குப் போய்விட்டார். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். சாயங்காலம் காட்டிலிருந்து வரும் பச்சைக் காயை நிறுத்து, எடையைச் சத்தமாகச் சொல்கிற வேலை; கூலி அந்த எடைக்குத்தான். சுவக்கீன் போனதிலிருந்து சூப்பர்வைசர் கபிரியேல் தானே நிறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் "ஈரம்" என்று சொல்லிக் கழிப்பார். வெயில் அடித்த நாளிலும் ஈரம் இருந்தது.

சனிக்கிழமை போடியிலிருந்து முதலாளி வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

இந்தச் சமயத்தில்தான் தீபாவளி லீவுக்கு வந்த நான் போடி பஸ் ஸ்டாண்டில் 'அனலியின் ரகசியம்' என்ற நாவலை வாங்கினேன். வெண்பருந்து வாசகர்களுக்குத் தீபாவளிப் பரிசு என்று அட்டையில் போட்டிருந்தது. தொடரை எழுதுகிறவர் ஒருவர், இதை எழுதியவர் வேறொருவர். இவர் அந்தத் தொடரைப் படித்திருந்தாரா என்பதற்கு உள்ளே ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே அனலிக்கு இடது கைப் பழக்கம். நான்காம் பக்கத்தில் வலது.

போடிமெட்டில் பஸ் நின்றபோது அதே பஸ்ஸில் வந்த கபிரியேல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தபோது சிரித்தார். கபிரியேல் சிரித்தால் யாருக்கோ எடை குறையப்போகிறது என்று அர்த்தம்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இன்பமேரி சித்தி வாசிக்க ஆரம்பித்தாள். பாதிப் புத்தகத்தில் அனலியின் கழுத்திலிருந்து ஒரு பதக்கம் கீழே விழுந்தது. தளபதி இந்திரசேனன் அதை எடுத்துப் பார்த்தார். "மகளே!" என்று அலறினார்.

சித்தி இருமவில்லை. அவளுக்கே இது எதிர்பாராதது.

"திருப்பி வாசி," என்றாள் அழகுத்தாய்.

திருப்பி வாசித்தாள். இந்த முறையும் மகள்தான்.

"அப்ப உலையில வெந்து செத்தாளே அவ ஆத்தா, அவ யாரு?"

சித்தி இரண்டு பக்கம் புரட்டினாள். "செவிலித் தாயாம். எடுத்து வளத்தவளாம்."

"மூணு வாரம் அழுதோமேடி! பொங்கலுக்குக்கூட நான் புதுச்சேலை கட்டல. அது ஒரு ஆயாவுக்கா?"

"ஆயான்னா என்ன கேவலமா?" என்று ஒருத்தி பாய்ந்தாள். அவள் மகள் பங்களாவில் ஆயா.

"கேவலம்னு நான் சொல்லல. பெத்தவள இல்லேன்னு எழுதுனானே, அவன் கைய ஒடிக்கணும்ங்கேன்!"

"கரி தள்ளுனவ மக கப்பல் ஓட்டுனா இவனுக்கு எங்க வலிக்குது?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள் பூமாரி.

எல்லோரும் எழுந்தார்கள். என் அம்மா மதலேனம்மாள் மட்டும் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"இத வாங்கிட்டு வந்தது நீதான?"

"அம்மா, இது வேற ஆள் எழுதுனது. எல்லாம் கற்பனைதான."

அந்த ஒரு வார்த்தையில் நான் என் ஊரில் சம்பாதித்திருந்த மரியாதை மொத்தமும் போனது.

"கற்பனையா?" என்றாள் அம்மா. "உன்னக் காலேஜுக்கு அனுப்புனதுக்கு ரெண்டு ஆடு வாங்கி விட்டிருக்கலாம்."

சத்தம் கேட்டுக் கபிரியேல் உள்ளே வந்தார். இந்த நிமிஷத்துக்காகவே வெளியில் நின்றிருக்க வேண்டும்.

"என்ன, பதக்கம் விழுந்துருச்சா?" என்றார். "நான் ராத்திரியே படிச்சுட்டேன். யார் கையில எது நிக்கும்னு இருக்கு. அனலி தளபதி ரத்தம், அதான் சுக்கான் நின்னுச்சு. பூமாரி, நீ யார் மக? சின்னமுத்து மக. காய் பொறுக்கு."

"அண்ணே, இந்தப் புத்தகம் செல்லாது. தொடர்ல அப்படி இல்ல," என்றேன்.

"அச்சடிச்சிருக்கா இல்லையா?"

"அச்சடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன."

கதையை வைத்துத் தராசு வேலையை முடிவு செய்யக்கூடாது என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெண்களும் சொல்லவில்லை. அனலி யார் மகள் என்பது தீர்ந்தால்தான் பூமாரியின் வழக்கு தீரும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான். எனக்கு அன்று சோறு சற்றுத் தாமதமாகக் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மழைக்கிடையில் முதலாளியின் ஜீப் வந்தது. அன்று காட்டில் காய் பறிக்கப் போயிருந்த அதே பெண்கள் ஸ்டோர் வாசலில் மூட்டைகளை இறக்கினார்கள். கபிரியேல் மேடைத் தராசின் பக்கத்தில் நின்றுகொண்டு, முதலாளிக்குக் குடை பிடித்தபடியே வழக்கைச் சொன்னார். பதக்கம், செவிலித் தாய், ரத்தம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சாட்சிக்கு என் புத்தகத்தையும் நீட்டினார்.

முதலாளிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அவரும் படித்திருந்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்யா," என்றார் சந்தோஷமாக. "சாதாரணப் பொண்ணு இல்ல அது. அவ நடக்குற நடையிலயே தெரியும்."

அச்செழுத்தில் அவர் எந்த நடையைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. என் படிப்புச் செலவில் பாதி அவர் கொடுக்கும் உபகாரம்.

பூமாரி முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் எப்படியோ நிதானமாக வந்தது.

"மொதலாளி, அவ தளபதி மகன்னு எட்டு வருசமா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. அதான ரகசியம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தளபதிக்கு?"

"அவருக்கும் இப்பத்தான..."

"அப்ப இத்தன நாளும் கப்பல ஓட்டுனது யாரு? கரி தள்ளுனவ மகன்னு நெனச்சுக்கிட்டுத்தான ஓட்டுனா? அப்ப ஒரு தடவையாவது எங்கயாவது முட்டுச்சா?"

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எட்டு வருஷத் தொடரையும் மனதுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. "செவ்வாய்க் கிரகத்துக்கிட்ட ஒரு தரம்..." என்று இழுத்தார்.

"அது தளபதி தூங்காம ஓட்டுனப்ப!" என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின.

"ஆமா," என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அதெல்லாம் கதை மொதலாளி," என்றார் கபிரியேல் அவசரமாக. "இது தராசு."

பூமாரி வாய் திறப்பதற்குள் அழகுத்தாய் முந்திக்கொண்டாள். "ஏன்யா, வியாழக்கிழம கதையில்ல, இன்னைக்கு மட்டும் கதையா? எங்க அனலியப் பிடுங்கிக்கிட்டு தராசயும் நீயே வச்சுக்குவ, அப்படித்தான?" என்று தன் மூட்டையின் மேல் போய் உட்கார்ந்தாள். "பூமாரி நிறுத்தாத்தான் இந்த மூட்ட எந்திரிக்கும்."

அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் அவரவர் மூட்டையில் உட்கார்ந்தார்கள். என் அம்மா இரண்டு மூட்டைக்குக் காவலாக நடுவில் உட்கார்ந்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. பச்சைக் காயைச் சாக்கில் அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கிச் சூடாகும். விடியும்போது பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயைப் போடியில் ஏலத்துக்கு வைத்தால் வியாபாரிகள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இது கபிரியேலுக்குத் தெரியும், முதலாளிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர் ஒரு சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை வேகமாக வெளியே எடுத்தார்.

"சரி. இன்னைக்கு ஒரு நாள் அந்தப் புள்ள நிறுக்கட்டும்."

"ஒரு நாள்னா வேண்டாங்க," என்றாள் பூமாரி. "நாளைக்கு அவரே நிறுக்கட்டும். நாளைக்கும் இவங்க இப்படியே உக்காந்திருப்பாங்க."

"என்ன திமிரு பாத்தீங்களா மொதலாளி!"

"நீ சும்மா இருய்யா. காய் வேகுது," என்றார் முதலாளி. ஜீப்பைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், கடைசியில் எரிச்சலோடு கையை வீசினார். "அவளே நிறுக்கட்டும். தினமும் நிறுக்கட்டும். உள்ள கொண்டுபோங்க மொதல்ல!"

கபிரியேல் தராசை விட்டு விலகினார். குடையை மடக்கி ஒரு உதறு உதறினார். தண்ணீர் முழுக்க என் மேல்.

பூமாரி மேடைக்கு வந்தாள். முதல் மூட்டை என் அம்மாவுடையது. அம்மா வெற்றிக் களையோடு அதைத் தூக்கி வைத்தாள். பூமாரி நிறுக்கவில்லை. சாக்கின் வாயை அவிழ்த்து அடிவரைக்கும் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் ஒரு கொத்து இலையும் காம்பும், களிமண் உருண்டை ஒன்றும் இருந்தன.

"அத்த, இது என்ன?"

"மழையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"இம்புட்டுமா?"

அவள் அதை ஒரு ஓரத்தில் கொட்டினாள். இன்னொரு முறை கையை விட்டு இன்னும் கொஞ்சம் எடுத்தாள். பிறகுதான் நிறுத்தாள். வந்த எடையைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஈரம் என்று ஒன்றும் கழிக்கவில்லை. இருந்தாலும் அம்மா எதிர்பார்த்த எடைக்கும் அதற்கும் நல்ல தூரம்.

"அடிப்பாவி! உனக்காகத்தானடி மழையில உக்காந்தேன்! என் கையில சோறு தின்னு வளந்தவ, எனக்கேவா?" அம்மாவின் கத்தலில் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த முதலாளி நின்று திரும்பிப் பார்த்தார். கபிரியேல் ஆர்வத்தோடு பக்கத்தில் வந்தார். அழகுத்தாய் சத்தமில்லாமல் தன் மூட்டையை அவிழ்த்து உள்ளே துழாவ ஆரம்பித்தாள்.

பூமாரி யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கும் கோபம் தணிந்திருக்கவில்லை.

"அடுத்த மூட்ட," என்றாள்.