முன் சக்கரத்துக் காற்று

“நல்ல டயரு ரெண்டையும் பின்னால போடாதேன்னா கேக்கறியா நீ? முன்னால—”

“முன்னால போட்டா வண்டி மலை ஏறுமா? தள்றது பின்சக்கரம் புள்ள, பின்சக்கரம்—”

“தள்றது அதுன்னா திரும்பறது எது? அந்தத் தோலு ஒட்டுப் போட்ட டயரு வளைவுல வெடிச்சுதுன்னா—”

“வாயக் கழுவுடி மொதல்ல!”

குள்ளம்மாள் வாயை மூடிக்கொண்டாள். வாயைத்தான் மூட முடிந்தது. விடிந்ததிலிருந்து உள்ளே கிடந்த பயத்துக்கு மூடி ஏது?

காலையில் பல் துலக்கும் நேரத்தில் மலையிலிருந்து காளியன் ஓடி வந்தான். அவள் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

“காவேரிக்குக் காத்தடிச்சிருச்சு தங்கச்சி. என் வூட்டுக்காரி ரங்கம்மாளுக்கும் அடிச்சிருச்சு. நேத்திலிருந்து வாந்தியும் பேதியுமாப் போவுது. எட்டுப் பேரு படுத்தாங்க. ரெண்டு பேரு போயிட்டாங்க.”

காவேரிக்கு ஒன்பது வயது. ஒரே மகள். “பெரியாத்தா வூட்டுல பத்து நாளைக்கு இருந்துட்டு வரட்டுமே” என்று புருஷன் பொன்னனிடம் மல்லுக்கு நின்று மலைக்கு அனுப்பி வைத்தவளே குள்ளம்மாள்தான்.

பொன்னன் பாப்பிரெட்டிப்பட்டியில் மூங்கில் காண்ட்ராக்டரின் லாரி ஓட்டுகிறவன். சேதி கேட்டதும் நேரே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நர்ஸ் தெரசா இரண்டு மரப்பெட்டிகளோடு கிளம்பி வந்துவிட்டாள். பெட்டிக்கு ஆறாகப் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள். உள்ளே இருந்தது வெறும் உப்புத் தண்ணீர் என்று கேட்டபோது குள்ளம்மாளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

“உப்புத் தண்ணியா? காத்தடிச்ச புள்ளைக்கு உப்புத் தண்ணியாங்க நர்சம்மா?”

“காத்து இல்லம்மா, வாந்திபேதி. ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய போயிரும். இத ஊசி வழியா நரம்புல ஏத்தணும். ஆளுக்கு ரெண்டு பாட்டில். ஆறு பேருக்குச் சரியா இருக்கு. கொறஞ்சா கஷ்டம்.”

பாட்டிலைத் தலைச்சுமையாக ஏற்றலாம் என்றால், வாந்திபேதி கண்ட ஊருக்கு எந்தக் கூலியாள் வருவான்? லாரியின் கிளீனரே சேதி கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவன்தான். நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். லாரி போனால் மூங்கில் வெட்டும் கூப்பு வரைக்கும் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு மைல் நடை.

ஆனால் எந்த லாரி? யுத்தம் வந்ததிலிருந்து பர்மிட் இல்லாமல் ஒரு டயர் வாங்க முடியாது. கொட்டகைச் சுவரில் ஐந்து டயர்கள் சாய்ந்திருந்தன. இரண்டில் மேலுள்ள ரப்பர் பட்டன் இன்னும் தேயாமல், இடையில் விரல் நுழையும்படி இருந்தது. ஒன்று மொட்டைத் தலை மாதிரி வழவழப்பு. நான்காவது அதைவிட மோசம். பக்கத்தில் கிழிந்து, உள்ளே செருப்புத் தைக்கிறவன் தோல் வைத்து ஒட்டிக் கொடுத்தது. ஐந்தாவதுக்கு டியூபே கிடையாது. வைக்கோலைத் திணித்து ஸ்டெப்னி என்று பேர் வைத்திருந்தார்கள்.

தரம் பிரித்துப் பார்க்க பொன்னனுக்கு ஒரு வழி உண்டு. காற்றடித்த டயரை ஸ்பேனரால் தட்டிக் காது கொடுப்பான். ‘டங்’ என்றால் சரி. ‘தொப்’ என்றால், “சீக்காளி. பம்ப எடு” என்பான். பன்னிரண்டு வருசமாகத் தினம் காலையில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குள்ளம்மாள் அடுப்பு மூட்டுகிறாள். ‘டங்’ கேட்டால் அன்றைக்குப் புருஷன் பத்திரமாகத் திரும்புவான் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

கடைசியில் பொன்னன் நினைத்தபடியே நல்ல டயர் பின்னால் ஏறியது. தோல் ஒட்டு முன்னால், இடது பக்கம், பள்ளத்துப் பக்கம் வந்தது. பெட்ரோல் பஞ்சத்தில் கரிப் புகையிலேயே வண்டி ஓட மாட்டியிருந்த கரி அடுப்பைக் கழற்றி இறக்கினான். “இதோட கனத்துக்கு எஞ்சினு மலையில மூச்சுத் திணறும்” என்றான். ஆஸ்பத்திரி கொடுத்த பெட்ரோலை ஊற்றினான். களிமண்ணில் வழுக்காமலிருக்கப் பின்சக்கரங்களில் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினான். கேழ்வரகுத் தாளைப் பரப்பிப் பெட்டிகளை வைத்துக் கட்டினான். கிளீனர் வேலைக்கு ஆள்?

“நான் வர்றேன்” என்றாள் குள்ளம்மாள்.

“கட்டை போடுவியா? வண்டி பின்னால உருண்டா ஓடிப் போயி சக்கரத்துக்கடியில கட்டைய வைக்கணும். கை முந்தணும், கால் பிந்தணும். தப்புனா வண்டி உம்மேல ஏறும்.”

“ஏறட்டும். எம் மவ அங்க கெடக்கறா.”

மலையடிவாரத்தில் வண்டி நின்றது. பொன்னன் குதித்து இறங்கி நாலு சக்கரத்தின் வால்விலும் ஆணியை வைத்து அழுத்தினான். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று வெளியே வந்தது. டயர்கள் தொப்பை தொங்கி உட்கார்ந்தன. குள்ளம்மாளுக்குத் தன் உயிரே அந்த ஓட்டை வழியாகப் போவது போல் இருந்தது.

“என்னாத்துக்கு மாமா காத்தெறக்கற?”

சண்டையின் சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை. “சொன்னா உனக்குப் புரியுமா? டயரு போட்டதுக்கே பஞ்சாயத்து வெச்சவ நீ. மலைன்னா காத்தெறக்கணும். அவ்வளவுதான்.”

கூட வந்த காளியன் தலையாட்டினான். “எங்க பூசாரியும் அதான் சொன்னாரு. காத்தெறக்கணும்னாரு.”

“அது வேற காத்துண்ணா!” என்றாள் குள்ளம்மாள். அழுகையிலும் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

வண்டி ஏறியது. அதைப் பாதை என்று சொன்னால் பாதைக்குக் கோபம் வரும். மூங்கில் இழுத்த தடம், மழை அறுத்த தடம், இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. இடது பக்கம் பள்ளம். அடியில் மரங்கள் கீரைப்பாத்தி போலத் தெரிந்தன. குள்ளம்மாளும் காளியனும் ஆளுக்கொரு கட்டையோடு பின்னால் நடந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் குனிந்து அந்த இடது முன்சக்கரத்தைப் பார்த்தாள். சப்பையாக, பக்கத்தில் பிதுங்கி, இதோ கிழிந்தேன் என்று சொல்வது போல இருந்தது.

ஓடை தாண்டியதும் வண்டி நின்றது. மேலே பாதைக்குக் குறுக்கே, ஏறித்தான் கடக்க வேண்டிய ஒரு பாறை. பொன்னன் மண்வெட்டியோடு பார்க்கப் போனான். பெட்டிகளைக் கையில் தூக்கிக் கடக்க வேண்டியிருக்குமா என்று பார்க்கத் தெரசாவும் கூடப் போனாள்.

குள்ளம்மாள் ஒரு கல்லை எடுத்து இடது முன்சக்கரத்தைத் தட்டினாள்.

‘தொப்.’

மறுபடி தட்டினாள். ‘தொப்.’ சீக்காளியின் சத்தம்.

“அண்ணா, இதப் பாருங்க. செத்த எலி மாதிரி கெடக்குது. இதோட எப்படி அந்தப் பாறையில ஏறும்?”

“எனக்கு மாட்டு வண்டி தெரியும், வெள்ளக்காரன் வண்டி தெரியுமா தங்கச்சி? நீ டைவர் பொண்டாட்டி. நீ சொல்லு.”

“அவரு கோவத்துல எறக்கிட்டாரு. நெசமா அளவு மீறி எறக்கிட்டாரு.” அவள் சீட்டுக்கு அடியிலிருந்து பம்பை எடுத்தாள். “மிதிங்கண்ணா. சீக்கிரம்.”

முன்சக்கரம் இரண்டுக்கும் மாறி மாறி அடித்தார்கள். காளியன், “அடி, இன்னும் அடி, காத்து நல்லா ஏறட்டும்” என்று சாமிக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே அடித்தான். அவள் கல்லால் தட்டினாள்.

‘டங்.’

அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு மூச்சு நேராக வந்தது. பம்பைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மேலேயிருந்து இருவரும் அவசரமாக இறங்கி வந்தார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தெரசா கேட்டாள்: “பெட்டிய எறக்கித் தூக்கிட்டுப் போயிரலாமே டிரைவர்?”

“வேணாங்க நர்சம்மா. பாறை வழுக்குது. கையில எடுத்துட்டுப் போயி விழுந்தா மொத்தமும் போச்சு. வண்டியிலேயே இருக்கட்டும். அதுக்காகத்தான் அடிவாரத்துலயே காத்தெறக்கினேன். டயரு மெத்தை மாதிரி இருந்தா கல்ல உள்ள வாங்கிக்கும், தூக்கிப் போடாது. ஒட்டுப் போட்ட டயருக்கும் அதுதான் நல்லது. வெறச்சு நின்னா கல்லு கிழிச்சிரும்.”

குள்ளம்மாள் இடது முன்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

“மாமா—”

“மறுபடி என்னா? டயரப் பத்தின்னா பேசாத! மழை வந்துதுன்னா இந்தப் பாறை எண்ணெய் தடவுன மாதிரி ஆயிரும். கட்டைய எடு!”

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ‘வாயக் கழுவுடி’ என்ற காலைச் சத்தம் காதில் இன்னும் இருந்தது. பொன்னன் ஏறிவிட்டான். தெரசா பின்னால் பெட்டிகளோடு ஏறிக்கொண்டாள். எஞ்சின் உறுமியது. சொன்னால் திட்டுவான். மறுபடி ஆணி வைத்து இறக்குவான். அதற்கு எவ்வளவு நேரமாகும்? கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இவ்வளவு பயந்தோம் என்று வாழ்நாளெல்லாம் நினைக்கப் போகிறோம் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கட்டையை எடுத்தாள்.

முன்சக்கரங்கள் பாறையைத் தொட்டன. வாங்கிக்கொள்ளவில்லை, துள்ளின. பெட்டிக்குள் பாட்டில்கள் குளிரில் பல் அடிப்பது போலக் கடகடத்தன.

“ஏன் இப்படித் துள்ளுது?” உள்ளேயிருந்து பொன்னன் கத்தினான். “நர்சம்மா, பெட்டியப் புடிங்க!”

இரண்டாவது துள்ளலில் வெடித்தது. மலை முழுக்க அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. வண்டியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் சாய, மொத்த லாரியும் பின்னோக்கி நழுவியது.

“கட்டை! கட்டை!”

குள்ளம்மாள் ஓடினாளா, விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. கட்டை சக்கரத்துக்கடியில் இருந்தது. அவள் இரண்டு கையும் கட்டைமேல் இருந்தது. நார்க் கயிறு சுற்றிய டயர் விரலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து முனகி நின்றது. அந்தப் பக்கம் காளியனும் கட்டையைச் செருகிவிட்டான். பள்ளம் இரண்டடி தூரத்தில் இருந்தது.

பலகை இடுக்கு வழியாக என்னவோ அவள் நெற்றியில் சொட்டியது. மழை என்று நினைத்தாள். உதட்டுக்கு வந்தபோது உப்புக் கரித்தது.

மேலே தெரசா ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒண்ணு… ரெண்டு… இது போச்சு… இதுவும் போச்சு… மாதாவே.”

பன்னிரண்டில் மிஞ்சியது ஐந்து.

பொன்னன் கிழிந்த டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். அடுத்த சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். ‘டங்’ என்றது. முகம் சாம்பலாகிவிட்டது.

“முன்சக்கரத்துல எறக்கவேயில்ல போலிருக்குதே. எறக்கின மாதிரிதான் ஞாபகம். மவ நெனப்புல மறந்துட்டேனா? என் கையாலேயே இப்படிப் பண்ணிட்டேனா புள்ள?”

அவள் அவனைப் பார்க்கவில்லை. “நட மாமா. பாட்டிலத் தூக்கு, நடக்கலாம்” என்றாள்.

ஐந்து பாட்டிலையும் சேலைத் துணியில் குழந்தை மாதிரிச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு பேரும் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். காவேரியின் கண் குழிக்குள் போயிருந்தது. விரல்நுனி ஊறப்போட்ட துணி போலச் சுருங்கியிருந்தது.

தெரசா ஒவ்வொருவராக நாடி பார்த்தாள். ஒரு கிழவரின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெல்லப் பாயில் வைத்தாள். அவருக்குப் பாட்டில் இல்லை. கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொன்னாள். மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்று. ரங்கம்மாளுக்கு ஏறியது ஐந்தாவது.

காவேரியின் பாட்டில் கொட்டகைக் கம்பில் தொங்கியது. பொன்னன் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். குள்ளம்மாள் தண்ணீர் இறங்குவதையே பார்த்திருந்தாள். பாதி. பாதிக்கும் கீழே. மகளின் உதடு ஒரு தடவை அசைந்தது.

“நாடி வந்திருக்கு” என்றாள் தெரசா. “இன்னொண்ணு மட்டும் இருந்துச்சுன்னா…”

“எல்லாம் நான் பண்ணினது நர்சம்மா. காத்தெறக்க மறந்துட்டேன்” என்றான் பொன்னன், தலையைக் குனிந்தபடி.

பாட்டிலில் இரண்டு விரல்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது.

பக்கத்துப் பாயில் ரங்கம்மாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். காளியன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாகக் குள்ளம்மாளிடம் வந்தான். கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான். பொன்னன் நிமிர்ந்து பார்த்தான்.

“நல்லவேள தங்கச்சி, ஓடைக்கிட்ட நீ சொல்லி நாம ரெண்டு பேரும் முன்சக்கரத்துக்குக் காத்தடிச்சோம். இல்லாட்டி இந்த அஞ்சாவது பாட்டிலு வந்து சேந்திருக்குமா?”