முன்வாசல் சரிவு

1

இந்தக் கதை பிறந்தது என் சமையலறையில். அலமாரிக்கு ஒரு கதவு மாட்டத்தான் தொடங்கினோம். அப்படியே அலமாரியை மாற்றலாம், அலமாரிக்காகச் சுவரை நகர்த்தலாம் என்று போய், இப்போது சுவர் இல்லை. கதவு இன்னும் மாட்டவில்லை. அந்தக் கடுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'மழை விட்ட மாலையில், நகரத்துக் கூரைகளின் மேல் ஒரு...'

வேண்டாம். மழைக்கு இங்கே என்ன வேலை?

2

கதையில் வரும் அக்கா ஒரு கட்டுமான நிறுவனத்தில் திட்ட மேலாளர். அலுவலகத்தில் யாராவது "இதையும் சேத்துக்கலாமே" என்று வாயைத் திறந்தாலே முறைப்பாள். வீட்டில் அந்தப் பாச்சா பலிக்காது.

வெள்ளிக்கிழமை அப்பா மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்புகிறார். வாசலில் படிகள். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "என்னை யாரும் தூக்கக் கூடாது. தெருவே பாக்க மூட்டை மாதிரி உள்ள போக மாட்டேன். நானே உருட்டிட்டு வருவேன்."

ஆகவே படிகளின் மேல் ஒரு மரச் சரிவு வேண்டும். அவ்வளவுதான்.

(அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் எல்லா வம்பும் தொடங்கும்.)

3

"மழைல வழுக்கும்க்கா. ஒரு கூரையும் போட்டுடலாம்" என்றான் தம்பி. அவன் மனைவி ஓரமாக வரிசை விளக்குகள் கேட்டாள். "என் செடித்தொட்டிங்கள மட்டும் யாரும் தொடாதீங்க" என்றாள் அம்மா. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள்.

எழுதுகிற நானும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு நாயை விட்டேன். சரிவு செய்ய வந்த தச்சருக்கு ஒரு பழைய காதலி*, அவளுக்கும் அக்காவுக்கும் ஒரு...

* அவளுக்கு நீல நிறச் சைக்கிள் வேறு கொடுத்திருந்தேன். நல்ல சைக்கிள்.

3 (மறுபடியும்)

புதன்கிழமை. கூரைக்கான கம்பிகள் வாசலை அடைத்துக் கிடந்தன. விளக்குக்குக் குழி வெட்டியாகிவிட்டது. சரிவுக்கு ஒரு பலகைகூட அறுக்கவில்லை. தச்சர் அளவு கேட்டார். அக்கா வரைபடத்தில் சரிவைத் தேடினாள். தூண்களுக்கும் தொட்டிகளுக்கும் இடையே அது குட்டையாக, சறுக்குமரம் போலச் செங்குத்தாக நின்றது. அதில் அப்பா ஏறவே முடியாது. தூக்கித்தான் ஆக வேண்டும்.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வரைபடத்தைக் கிழித்தாள். ஒரு தாளில் 'அப்பா தானாக உள்ளே வர வேண்டும்' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். யார் எது கேட்டாலும் அதைக் காட்டினாள்.

"விளக்கு, அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"பகல்லதானே வர்றாரு. அப்புறம் பாக்கலாம்."

"கூரை?"

"அடுத்த மாசம்டா. மொதல்ல கம்பிய ஓரமா வை."

அம்மா கதவருகே வந்தாள். தாளைப் படித்தாள். பிறகு தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொல்லைப்பக்கம் இழுக்கத் தொடங்கினாள். "எவ்வளவு நீளம் வேணுமோ எடுத்துக்கோடி. செடி பின்னாடி இருந்துட்டுப் போகுது."

நாயையும் காதலியையும் அம்மாவின் பின்னாலேயே அனுப்பிவிட்டேன். சைக்கிள் போனதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

4

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அப்பா சிரித்துக்கொண்டே ஏறிவிடுகிறார். இன்னொன்றில் தெருவே கைதட்டுகிறது (வெட்கக்கேடு). மூன்றாவதை உங்களிடம் சொல்வதாக இல்லை. மூன்றையும் அடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை. வெறும் பலகைச் சரிவு, நீளமாக, அழகே இல்லாமல் கிடந்தது. அப்பா பாதிவரை ஏறினார். பிரேக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. தம்பி பாய்ந்து கையை நீட்டினான்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றாள் அக்கா.

தம்பி கையை இழுத்துக்கொண்டான். அப்பா யாரையும் பார்க்கவில்லை. பிரேக்கை எடுத்தார். இரண்டு கைகளும் சக்கரங்களைப் பற்றின.

இன்னும் ஒரே ஒரு வரி எழுதி அவரை மேலே ஏற்றிவிட எனக்கும் ஆசைதான். பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், அவர் வரட்டும்.