இரண்டாவது சாட்சி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தையல் கடையின் ஷட்டர் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா தங்கையின் இடுப்பில் டேப் வைத்தாள். வைத்தவள் உடனே எடுக்கவில்லை.

“கூசுது. சீக்கிரம் எடு,” என்றாள் தங்கை.

“நேரா நில்லு.”

“நேராத்தான் நிக்கிறேன். உன் டேப்தான் கோணல்.”

டேப் கோணலில்லை. இடுப்புதான் மறுபடி இளைத்திருந்தது. அந்த வாரம் வந்த ஸ்கேனும் அதைத்தான் சொல்லியிருந்தது. கட்டி திரும்ப வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது தங்கை தலையாட்டினாள். எங்கே, எவ்வளவு பெரிது என்று கேட்டாள். அக்காதான் ஒன்றும் கேட்காமல் டாக்டரின் மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைச் சட்டை மேசைமேல் உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. முதல் வைத்தியத்தின்போது தங்கை மெலிந்ததும் அக்கா இதை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். பிறகு முடி முளைத்து, உடம்பு தேறி, சட்டை இறுக்கியது. அந்தத் தையலைப் பிரித்துத் தளர்த்தியது அவள் செய்த வேலைகளிலேயே சுகமான வேலை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். அடுத்த ஞாயிறு தங்கையை அந்தச் சட்டையோடு சபைக்கு அழைத்துப் போய், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக் முன்னால் நின்றாள். கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றாள். சபை கைதட்டியது. போதகர் கண்ணைத் துடைத்தார்.

டாக்டர் சொன்னது, “இப்போதைக்கு ஒண்ணும் தெரியல” என்பது. அந்த முதல் வார்த்தையை அக்கா விட்டுவிட்டாள். மறைக்க நினைத்து விடவில்லை. அன்றைக்கு அது காதில் விழுந்ததாகவே நினைவில்லை. இப்போது மிஷின் ஓடும்போதெல்லாம் அது மட்டும்தான் கேட்கிறது.

“இந்தத் தடவை மிச்சத் துணியை வெட்டி எறிஞ்சிடு. உள்ள மொத்தையா கெடந்து உறுத்துது,” என்றாள் தங்கை.

“உறுத்தாம அமுக்கித் தைக்கிறேன்.”

“வெட்டுன்னா வெட்டேன். துணிக்குக்கூட உனக்கு ஜெபம் பண்ணணுமா?”

அக்கா வாயில் குண்டூசி இருந்தது.

அப்போது கதவுக்கு அடியில் குனிந்து பஸ் டிரைவரின் மனைவி உள்ளே வந்தாள். சபையில் இவர்களுக்கு முந்தின பெஞ்சில் உட்காருபவள். அவள் புருஷனுக்கும் இதே வியாதி, வயிற்றில். கையில் அவனுடைய பேன்ட் இரண்டு இருந்தன.

“சாத்திட்டீங்களோன்னு பயந்துட்டேன் அக்கா. இடுப்பு நிக்க மாட்டேங்குது. கயிறு கட்டிக்கிட்டுப் போறாரு மனுஷன்.” சிரித்தாள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கியாம்மா?”

“நிக்கிறேன், பாருங்க.”

“அதான் வேணும்.” பேன்ட்டை விரித்தாள். “பிடிச்சுக் குடுங்க அக்கா. ஆனா துணியை வெட்டிடாதீங்க. உள்ளயே விட்டு வைங்க. திரும்பச் சதை போடும்ல? இவ சட்டைக்குச் செஞ்ச மாதிரி. அவரு சோர்ந்து போறப்பல்லாம் உங்க சாட்சியைத்தான் சொல்லுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் ஓடுது.”

அக்கா குண்டூசியை எடுத்துப் பஞ்சில் குத்தினாள். சொல்ல வாய் திறந்தாள். வந்தவள் ஏற்கெனவே குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். பஸ் போய்விடும் என்றாள்.

தங்கை சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டாள். “என் கட்டியைப் பத்தி என்னை விட நீதான் ஊர்ல அதிகம் பேசியிருக்க.”

“ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்.”

“எனக்காகச் சொல்லாத. உனக்குச் சொல்லணும்னா சொல்லு.”

அன்று அந்த இரண்டு பேன்ட்டையும் முடித்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போனாள். துணியை வெட்டவில்லை. பச்சைச் சட்டையிலும் வெட்டவில்லை. பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் கோட்டின் மேலேயே மறுபடி தைத்தாள். தைக்கும்போது ஜெபிப்பது அவள் பழக்கம். இந்த வாரம் “ஆண்டவரே” என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. கோபமா என்றால் கோபம்தான். கோபித்துக்கொள்ளவும் அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. வேறு யாரையும் தெரியாது.

சனிக்கிழமை சபைக்குப் போனபோது போதகர் ஏணியில் நின்று ட்யூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, நாளைக்கு சாட்சி நேரத்துல நான் பேசணும்.”

“பேசும்மா. மறுபடியும் ஸ்தோத்திரமா?” என்றார் மேலிருந்தே.

கட்டி திரும்ப வந்திருப்பதை அவள் சொன்னாள். அவர் பழைய ட்யூபோடு மெதுவாக இறங்கி வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவசரப்பட வேண்டாம்மா. ஆண்டவர் இன்னும் முடிக்கல.”

“அவர் முடிக்கலைங்க ஐயா. நான்தான் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“பலவீனமான ஜனங்க இருக்காங்க. உன் சாட்சியால நிக்கிறவங்க.”

“என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க ஐயா. நான் அவ்வளவு கெட்டி இல்ல.”

போதகர் மேலே பார்த்தார். புது ட்யூப் எரிவதா வேண்டாமா என்று மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இறந்த அடுத்த ஞாயிறு அவரே பிரசங்கம் செய்தார். தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு யாரையாவது அன்று பேசச் சொல்லியிருக்கலாம் என்று அக்காவுக்கு மட்டும் தோன்றியது.

“என் வீட்டுக்காரிக்காக நானும் கேட்டேன்,” என்றார்.

“பதில் வந்துச்சுங்களா?”

“அடுத்த நாள் பொழுது விடிஞ்சது.” பழைய ட்யூபைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, “அது பதிலான்னு தெரியல,” என்றார். அதன் பிறகு அவர் அவளைத் தடுக்கவில்லை. பேசச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமலே தங்கை பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். “என்ன பார்க்கிற? வித்தை காட்டுறவ பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்ல,” என்றாள்.

பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு அம்மாள் தொலைந்த சங்கிலி மாவு டப்பாவில் கிடைத்ததைச் சொன்னாள். இரண்டுக்கும் சபை ஸ்தோத்திரம் சொன்னது. அக்கா எழுந்து போனாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. அதை இறக்க அவள் பட்ட பாட்டில் முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள், பிரியமாகத்தான்.

“போன தடவை இங்க நின்னு பேசுனப்ப டாக்டர் சொன்னதுல ஒரு வார்த்தையை விட்டுட்டேன். இப்போதைக்குன்னு சொன்னாரு. நான் அதைச் சொல்லல. இப்ப தங்கச்சிக்குத் திரும்ப வந்திருக்கு.”

யாரோ பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

“அன்னைக்கு நான் நன்றி சொன்னது பொய்யில்ல. அந்த மாசங்கள் நல்லா இருந்துச்சு. அவ சாப்பிட்டா, சண்டை போட்டா. அதைக் குடுத்தவர்தான் இதுக்கும்... தெரியல. ஏன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் பதில் இல்ல. இன்னைக்கு நன்றின்னு சொல்ல வாய் வரல. ஆனா வந்திருக்கேன். அடுத்த வாரமும் வருவேன். இதான் என் சாட்சி.”

போதகர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மைக்கை வாங்க வரவில்லை. எழுந்த இடத்திலேயே நின்றார். பின்னால் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நேராக அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முந்தின பெஞ்சில் பஸ் டிரைவர் குனிந்து உட்கார்ந்திருந்தான். அக்கா பிடித்துத் தைத்த பேன்ட்டைப் போட்டிருந்தான். தையலின் உள்ளே மடித்து விட்ட துணி இடுப்பில் சின்ன மேடாகத் தெரிந்தது. அவன் விரல் அந்த மேட்டின் மேல் இருந்தது.

அவன் மனைவி எழுந்து நின்றாள். முன்னாலிருந்த பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேட்டபோது குரலில் கோபம் இல்லை. கடையில் அளவு கேட்பது போலத்தான் கேட்டாள்.

“அப்போ நாங்க இனிமே என்னன்னு கேட்டு ஜெபம் பண்றது அக்கா?”