வலப்பக்கத்துப் போல்ட்

1

12 ஜூன் 2025, வியாழன். இன்று செய்த தவறு: பதினேழு அளவுத் தலை உள்ள போல்ட்டுக்குப் பதினெட்டு அளவு ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியதில் தலை மழுங்கிவிட்டது.

இரு சக்கர வாகனப் பழுது பார்க்கும் மாலை வகுப்புக்காக ஸ்டெபி எழுதும் தினக்குறிப்பில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான் இருந்தது. இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது. எழுதி மூடி வைத்த பிறகு அவளுக்கு வரி சரியாக உட்காரவில்லை என்று பட்டது. தேதி சரி, அளவு சரி, நடந்ததும் அதுதான். 'தவறு' என்ற சொல் மட்டும் தொட்டால் ஆடியது. இரண்டு ஸ்பேனரும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. எட்டு மாதமாக வகுப்புக்குப் போகிறவள், தொட்டுப் பார்த்தே அளவு சொல்லுகிறவள், ஏன் பதினெட்டை எடுத்தாள்?

தினக்குறிப்பில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அதனால் கதையாக எழுத உட்கார்ந்தாள்.

(ஆமாம், எழுதுகிறவளும் அவள், கதையில் வருகிறவளும் அவள். 'நான்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் தனக்காக வக்கீல் வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டு 'அவள்' என்று மாற்றினாள். அதேபோல் வீட்டில் 'நீங்க' என்று பேசுகிற புருஷனைக் கதையில் 'அவன்' என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு அது பிடித்துப்போய்விட்டது.)

2

முதல் தொடக்கம்: "தூத்துக்குடி உப்புக் காற்றுக்கும் இரும்புக்கும் உள்ள பகை—"

விட்டுவிட்டாள். துருப்பிடித்தால் எல்லாரும் காற்றின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். இந்தப் போல்ட்டைத் தின்றது காற்று இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "வளன் கால் ஒடிந்து படுக்கையில் கிடந்த அந்த மழைக்கா—"

இதையும் விட்டாள். ஒடிந்த காலை முன்னால் நிறுத்தித் தன்னைப் பின்னால் அறிமுகம் செய்தால் வளனுக்குப் பிடிக்காது. கதை என்றாலும் பிடிக்காது.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அதுதான் கீழே இருப்பது.

3

ஸ்டெபியின் புருஷன் வளன் மீன் விற்கிறவன். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மில்லர்புரம், பக்கத்துப் புதுக்கோட்டை என்று வாசல் வாசலாகப் போகிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் படகிலிருந்து ஜெட்டி மேடைக்குத் தாவும்போது வழுக்கி, இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். கால் ஊன்ற முடியாதவன் பைக் ஓட்டுவதற்காகப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் பொருத்தினார்கள். இடம் போதவில்லை என்று ஸ்டாண்டைக் கழற்றிப் போட்டார்கள். நாலு சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு ஸ்டாண்ட் எதற்கு?

இப்போது எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்பிடித் தடைக்காலமும் முடிகிறது. திங்கட்கிழமை விசைப்படகுகள் மீனோடு கரை சேரும்போது, தான் இரண்டு சக்கரத்தில் போய் நிற்க வேண்டும் என்பது வளனின் ஆசை. ஆனால் இரண்டு சக்கரம் என்றால் ஒவ்வொரு வாசலிலும் கால் ஊன்ற வேண்டும். பின்னால் பெட்டி நிறைய மீனும் ஐஸும். ஊன்றுகிற கால் இடது கால்.

ஸ்டெபிக்குப் பயம். அதை அவள் வளனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் எப்படி விழும் என்று தெரியும்.

(கதையில் விஷயம் இவ்வளவுதான். துணைச் சக்கரம் கழன்றால் அவன் சந்தோஷப்படுவான், அவளுக்குத் தூக்கம் போகும். கழலாவிட்டால் அவள் தூங்குவாள், அவன் வாடிப்போவான். மற்றதெல்லாம் இரும்பு.)

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து துணைச் சக்கரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். இடப்பக்கத்துப் போல்ட், எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டது. வலப்பக்கம் அசையவே இல்லை. காரணத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். ஐஸ் உருகி வடிகிற மீன் தண்ணீர் வாசலில் சொட்டினால் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். வண்டி நிற்கும்போது வீடுகள் இடப்பக்கம் இருக்கும். அதனால் வளன் பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, வலப்பக்கமாக ரோட்டைப் பார்த்து விட்டிருந்தான். ஊரார் கோலத்தைக் காப்பாற்றிய அந்தத் தண்ணீர் இரண்டு வருடமும் ஒரே போல்ட்டின் மேல் சொட்டியிருக்கிறது.*

ஸ்டெபி ஸ்பேனரைப் போட்டாள். உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினாள். 'கறக்' என்று ஒரு சத்தம். போல்ட் திரும்பிவிட்டது என்று வளன் கைதட்டினான். திரும்பியது ஸ்பேனர் மட்டும். ஆறு மூலையாக இருந்த தலை உருண்டையாகிவிட்டது.

இப்போது வண்டிக்கு மூன்று சக்கரம். ஒரு பக்கம் மட்டும் துணை உள்ள வண்டியை வளைவில் நம்ப முடியாது. நாலாகவும் ஓட்ட முடியாது, இரண்டாகவும் ஓட்ட முடியாது.

\* "குழாயைக் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

4

எழுதுகிற ஸ்டெபி, கதையில் வரும் ஸ்டெபியை நம்பவில்லை.

அவளுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். துரு தின்று தின்று அந்தத் தலை சிறுத்திருந்தது. பதினேழைப் போட்டிருந்தாலும் லொடலொடவென்றுதான் இருந்திருக்கும், அதுவும் வழுக்கியிருக்கும். ஆனால் இந்த விவரம் அவளுக்குத் தெரிந்தது திருப்பிய பிறகு. எடுக்கும்போது தெரியாத ஒன்றை எடுத்ததற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

அப்படியானால், வேண்டுமென்றே எடுத்தாள் என்று எழுதிவிடலாமா? எழுதிப் பார்த்தாள்: "அவள் கை பதினேழின் மேல் ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல நகர்ந்து—" வாசிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அப்படித் தயங்கியதாக அவளுக்கு நினைவே இல்லை.

5

வெள்ளிக்கிழமை மறுபடியும் முயன்றார்கள். துருப்பிடித்த போல்ட்டின் தலையில் நேராகச் சுத்தியலால் அடித்தால் உள்ளே திருகு மரையைப் பிடித்திருக்கும் துரு உதிரும். அதற்குப் போல்ட்டின் மேல் பாரம் இருக்கக் கூடாது. வலப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். ஸ்டாண்ட் இல்லாத வண்டியை யாராவது உட்கார்ந்து இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் அது நடக்கும்.

"நான் பிடிக்கேன்" என்றான் வளன்.

"இடப்பக்கம் சாய்க்கணுங்க."

"தெரியுதுளா. எனக்கு இடம் வலம் தெரியும்."

உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலை மண்ணில் ஊன்றி வண்டியைத் தன் பக்கம் வாங்கினான். வலப்பக்கச் சக்கரம் ஒரு விரற்கடை எழும்பியது. ஸ்டெபி வலப்பக்கம் குந்தி அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வோர் அடிக்கும் வண்டி அதிர்ந்து அவன் பக்கம் போயிற்று. அவன் தாங்கினான்.

பக்கத்து வீட்டு பேபி அக்கா குடத்தோடு வந்து நின்றாள். "என்னளா ஸ்டெபி, ஓடிப்போயிருவாம்னு மாப்பிள்ளய வண்டில உக்கார வச்சு அடிக்கியோ?"

"அடி வண்டிக்குத்தான் அக்கா. எனக்குச் சத்தம் மட்டும்தான்" என்றான் வளன்.

"எங்க வீட்டுலயும் எனக்கு அதான் பங்கு. சத்தம் மட்டும்." சிரித்துக்கொண்டே போனாள்.

ஸ்டெபி அடித்தாள், எண்ணெய் விட்டாள், மறுபடி அடித்தாள். பிறகு நிறுத்தினாள். ஸ்டாண்ட் இருந்த இடம் காலியாக இருந்ததால் வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் தெரிந்தது. வளனின் இடது பாதம். விரல்கள் மண்ணைக் கவ்வியிருந்தன. குனிந்து அதையே பார்த்தாள்.

"என்னளா, நிப்பாட்டிட்ட?"

"ஒண்ணுமில்ல. எண்ணெ ஊறட்டும்."

போல்ட் அன்றும் வரவில்லை. வளன் தன் கூட்டாளி வில்பிரட்டுக்குப் போன் போட்டான். வில்பிரட் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். "நாளைக்குக் கொண்டாங்கலே. தலைல ஒரு நட்ட ஒட்ட வச்சுத் திருப்பிப் பாப்போம்" என்றான்.

6

இந்த இடத்தில் எழுதுகிறவள் மாட்டிக்கொண்டாள். அந்தக் கால் நடுங்கியதா?

அ) கால் நடுங்கவில்லை. கல் தூணாக நின்றது. (இதை எழுதினால் திங்கட்கிழமை அவனைச் சிரித்த முகத்தோடு அனுப்பலாம். 'கல் தூண்' மட்டும் கொஞ்சம் அதிகம்.)

ஆ) கால் நடுங்கியது. அவன் பல்லைக் கடித்து மறைத்தான். (இதை எழுதினால் போல்ட்டை அப்படியே விட்டுவிடக் காரணம் கிடைக்கும். அவன் பல்லைக் கடித்ததை வண்டிக்கு அடியிலிருந்து அவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.)

இ) துருத் தூள் கண்ணில் விழும் என்று ஒவ்வோர் அடிக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழுந்த நேரத்தில் கால் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது.

நடந்தது மூன்றாவது. எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவிடலாம். ஆனால் திங்கட்கிழமை ஐஸ் பெட்டியோடு போகப்போவது கதாபாத்திரம் இல்லை, வளன். அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

7

வளன் குழாயடியில் ஐஸ் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தடைக்காலத்தில் சும்மா கிடந்த பெட்டி.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வருது. கேளு."

"நான் அடிக்கும்போது கால் நடுங்குச்சா?"

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். பெட்டியைக் கவிழ்த்தான். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"நடுங்குச்சு" என்றான்.

"எப்ப?"

"நீ அடிக்கும்போது இல்ல. அப்ப காலுன்னு ஒண்ணு இருக்க நெனப்பே இல்லளா. போல்ட்டு வருதா, வருதான்னுதான் இருந்துச்சு. நீ நிப்பாட்டிட்டு அடி வழியா குனிஞ்சு என் காலப் பாத்த பாரு, அப்ப நடுங்குச்சு. ஐயோ, இது அந்தக் காலுல்லான்னு வந்துட்டு."

ஸ்டெபி அவன் பக்கத்தில் குந்தினாள். "என்னால பாக்காம இருக்க முடியாது."

"பாக்காதன்னு யாரு சொன்னா? பாக்கணும்னா முன்னால வந்து நின்னு பாரு. ஒளிஞ்சு பாக்காத."

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, இவ்வளவு சின்னதாக வந்தது.

"எனக்கு மட்டும் என்ன, இல்லங்கியா?"

"அந்தப் பதினெட்டு ஸ்பேனர்... அத தெரியாமத்தான் எடுத்தேனான்னு எனக்கே தெரியல."

வளன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "ஏளா, வேணும்னு கெடுக்கதுன்னா நீ இருவத்திநாலே எடுத்திருப்ப. எந்த வேலையத்தான் அரையும் கொறையுமா செஞ்சிருக்க நீ?"

அவளும் சிரித்தாள். ஆனால் அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்று நினைக்கிறாள்.

8

இதற்கு மேல் முடிவு எழுத வேண்டும். வெல்டிங் சூட்டில் போல்ட் நெகிழ்ந்து வந்துவிடலாம். பாதியில் ஒடிந்து, மீதி உள்ளேயே தங்கி, துளை போட்டு எடுக்க வேண்டிவரலாம். வளன் திங்கட்கிழமை முதல் வாசலில் கால் ஊன்றும்போது தடுமாறலாம், தடுமாறாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். நடக்காததை எழுதி வைத்தால், நடக்கும்போது எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். அதுவும் குனிந்து பார்க்கிற வேலைதான்.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வளனை ஓட்ட விட்டாலும் சரி, உருட்ட விட்டாலும் சரி, அவனுக்குத் தெரிகிற இடத்தில் நின்று பாருங்கள்.

13 ஜூன், வெள்ளி. நாளைய வேலை: வண்டியை வில்பிரட் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். வெல்டிங்குக்கு முன் பாட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை இறக்கித் தள்ளி வைக்க வேண்டும். மழுங்கிய தலையைத் துரு போகத் தேய்த்து, அதன் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து உள்பக்கமாக வெல்டிங் வைக்க வேண்டும். சிவப்பு அடங்கியதும், முழுக்க ஆறும் முன், முதலில் இறுக்குகிற பக்கம் துளி, பிறகு கழற்றுகிற பக்கம். ஸ்பேனர் திருப்புவது ஸ்டெபி. வண்டியைச் சாய்த்துப் பிடிப்பது வளன்.