மா டின்னுக்கு ஒரு பூட்டு

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. அதை மறைத்து, பனி, மூடுமேகம், பச்சைக் கம்பளம் என்று உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் போகவே இல்லை. வீட்டிலிருந்த கோதுமை மா போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். அதை வைத்து, படிக்கிறவர்களில் நாலு பேருக்காவது சுடுகிற மாதிரி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியபோது கை நின்றுவிட்டது. கோபம் தீர்ந்ததால் இல்லை. பயம் வந்ததால்.

கதைக்கு ஒருத்தி வேண்டும். வினோதா என்று பெயர் வைத்தேன். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. அவளுடையது என்றால் தோட்டத்துடையது; அம்மா வேலாயி கொழுந்தெடுக்கப் போகிறவரை இருக்கலாம். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் வினோதா. நிர்வாகப் படிப்பான முகாமைத்துவத்தில் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்து இப்போது முகாமை செய்வது, அடுப்படியில் இருக்கும் ஒரு மா டின்னை.

(வினோதா நீதானா என்று கேட்காதீர்கள். ஒரே லயத்துக்காரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "மலை சரிந்த அன்று யோகேஸ்வரன் மாமா தலையில் டீவியோடும், அவர் பெண்டாட்டி பிரேமினி இடுப்பில் கைக்குழந்தையோடும்…"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் முதல் வரியிலேயே அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். வினோதாவுக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டாம் தொடக்கம்: "சவர்க்காரம் தேய்ந்து தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு…"

இது நன்றாக இருந்தது. ஆனால் சவர்க்காரத்துக்காக அழுகிற ஒருத்தியை யாரும் மதிக்கமாட்டார்கள். அதுவும் வேண்டாம்.

நடந்ததைச் சும்மா சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழையில், தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. அங்கேதான் வேலாயியின் தம்பி யோகேஸ்வரன் இருந்தார். சனங்களைப் பாடசாலை மண்டபத்தில் படுக்கவைத்து, லயத்துக்குக் கயிறு கட்டிப் பூட்டினார்கள். பிறகு ஒருநாள் மாமா குடும்பத்தோடு இந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். "ரெண்டு கெழமக்கி மட்டுந்தான், அக்கா" என்றார். சித்திரையும் முடிந்துவிட்டது. மாமா விடியுமுன் கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் இருட்டியபின் வருகிறவர். ஆகவே வினோதாவுக்குப் பகல் முழுக்க எதிரே இருப்பது பிரேமினி அத்தைதான். அத்தை என்றாலும் இவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

3

லயத்து வீட்டைத் தெரியாதவர்களுக்கு: முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய திண்ணை. நடுவில் காம்பரா என்கிற ஒரே அறை. பின்னால் அடுப்படி. அதற்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான், கானைத் தாண்டினால் நேரே மலை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டு வீரய்யா இருமினால் எங்கள்… வினோதா வீட்டுச் சட்டி அதிரும்.

வந்த புதிதில், கைக்குழந்தை தனுவுக்குக் குளிரக்கூடாது என்று வேலாயி அடுப்படியை அவர்களுக்குக் கொடுத்தாள். லயத்தில் வெதுவெதுப்பான இடம் அதுதான். சில நாளில் பிரேமினி வந்து நின்றாள். "மதினி, தனுவுக்குப் பொகை ஒத்துக்கல. நாங்க முன்னுக்கு வந்துர்றோம்." வேலாயி மறுபேச்சில்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காம்பரா விருந்தாளிகளுக்கு. வினோதா இஸ்தோப்பில், தகர அடைப்பு ஓரமாக.

(இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எழுதும்போது நானே கவனிக்கவில்லை.)

புகை ஒத்துக்காத குழந்தையின் அம்மா என்ன செய்தாள்? அடுப்படிப் பின்சுவரோரம் வேலாயி அடுக்கி வைத்திருந்த விறகை, ஏதோ அவசரம் போல, விடிந்ததிலிருந்து எரித்துத் தள்ளினாள். மலையிலிருந்து கொழுந்துச் சுமைக்குமேல் தலையில் வைத்துக் கொண்டுவந்த விறகு அது. பிறகு மா. டின்னை நிரப்பி வைத்தால் அடுத்த நாள் கீழே கிடந்தது.

"அத்தை, நேத்துதான டின்ன நெறச்சேன். எங்க போச்சு?"

"ரொட்டி சுட்டேன்ல, வினோ."

"தட்டுல ஆளுக்கு ஒன்னுதான விழுந்திச்சு. மிச்ச ரொட்டி ரெக்கை மொளச்சுப் பறந்திருச்சா?"

பிரேமினி சிரித்துக்கொண்டே குழந்தையிடம் சொன்னாள்: "பாரு தனு, ஒங்க வினோ மதினி ரொட்டிக்கு ஆடிட் பண்றா. கெம்பஸ்ல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களாம்."

"கெம்பஸ்ல ஓசிச் சாப்பாட்டப் பத்தியும் சொல்லிக் குடுத்தாங்க. சொல்லட்டா?"

"சும்மா இருடி," என்றாள் வேலாயி. "பேச்சு பக்கத்து வீட்டுக்குப் போகுது."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரய்யாவின் குரல் வந்தது. "போகல வேலாயி. வந்து சேந்துருச்சு!"

4

பிரேமினியை எனக்கு எழுத வரவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

"பிரேமினி ஒரு திருடி" என்று எழுதினேன். திருடி எதையாவது கொண்டுபோக வேண்டும். இவள் கடைப்பக்கம்கூடப் போவதில்லை. "பிரேமினி தீனிக்காரி" என்று மாற்றினேன். அவள் கழுத்தெலும்பு வெளியே தெரிகிறது. "மேல்கணக்கில் மிஞ்சி நிற்கிற உறவுக்காரர்களுக்கு இரகசியமாக மா அனுப்பினாள், ஏனென்றால்…" ஏனென்றால் என்ன? தெரியவில்லை. அவள் நகக்கண்ணில் எப்போதும் காய்ந்த மா இருந்தது. அந்த வரியை மட்டும் அடிக்காமல் விட்டேன்.

அடுத்த காட்சியை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வினோதா மாவையெல்லாம் ஒரு பையில் கொட்டி, கெம்பஸுக்குக் கொண்டுபோன தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். சாவியைத் தாலிக்கொடி மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள்.

வேலாயிக்கு முகம் கறுத்துப்போனது. "வீட்டுக்கு வந்தவுக முன்னுக்கு மாவப் பூட்டுறியா? ஒங்கப்பா செத்த அன்னைக்கு இந்த லயமே வந்து தின்னிச்சு. அன்னைக்குக்கூட இந்த வீட்டுல எதுக்கும் பூட்டு விழல."

"அவங்க எல்லாம் தின்னுட்டுப் போனாங்கம்மா. இவங்க போறாங்களா?"

லயத்தில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. வந்தவரிடம் எப்போது போவீர்கள் என்று கேட்கக்கூடாது, மாவை மறைக்கக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிரேமினி அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். "ஒரு கைப்பிடி குடு, வினோ. கொஞ்சூண்டு போதும்."

"எதுக்கு? இப்பதான சாப்பிட்டீங்க."

"சும்மா ஒரு வேலைக்கி."

"சும்மாவுக்கெல்லாம் மா இல்ல."

பிரேமினி போய்விட்டாள். அன்று பிடித்த மழை அந்த வாரம் விடவில்லை. பெட்டியும் திறக்கவில்லை.

(இந்த இடத்தில் கதையை முடித்து, கோபத்தோடு ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் நிம்மதி.)

5

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. வேலாயி கோயிலுக்குப் போயிருந்தாள். தேநீர் போட விறகெடுக்க அடுப்படிக்குப் போன வினோதா, சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருந்த கடைசிக் கட்டைகளைத் தூக்கியபோது பின்சுவரைப் பார்த்தாள்.

அடியிலிருந்து ஜன்னல்வரை, சுவரில் வெள்ளையாக ஒரு கோடு. சுண்ணாம்பு என்று நினைத்துத் தொட்டாள். காய்ந்த மா. ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிப் பூசித் தடித்துப்போன மா. அதில் விரல்கள் இழுத்த தடம் இருந்தது. கோட்டின் நடுவே, மேலிருந்து கீழாக, மா இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் அவள் சுண்டுவிரல் போயிற்று. உள்ளே ஈரம். காற்று வேறு வந்தது, வெளியிலிருந்து.

"கைய எடு," என்றாள் பின்னால் நின்ற பிரேமினி. இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன அத்தை?"

"மெதுவா பேசு." அவள் கண் பக்கத்து வீட்டுச் சுவரின் உச்சிக்குப் போய் வந்தது. "அங்க எங்க வீட்டுலயும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிச்சி. மாவக் கரைச்சுப் பூசி வச்சம்னா, வெடிப்பு நகந்திருந்தா காலையில மா வெடிச்சிருக்கும். நகரலன்னா அப்பிடியே இருக்கும். அதப் பாத்துட்டுத்தான் அன்னன்னைக்கு உசிரோட இருந்தோம்."

"இங்க எப்ப பாத்தீங்க?"

"அடுப்படியில படுத்தப்ப. வெறகுக்குப் பின்னால. அதப் பாக்கத்தான் வெறக எரிச்சுத் தள்ளினேன்."

"நகருதா?"

"மழை பேஞ்சா நகரும். இல்லாட்டி சும்மா கெடக்கும்."

"இந்த வாரம்?"

பிரேமினிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நீதான மாவப் பூட்டிட்ட? ஒரே ராத்திரியில விரிஞ்சிச்சா, கொஞ்சங் கொஞ்சமா விரிஞ்சிச்சா, நான் எப்பிடிக் கண்டேன்?"

வினோதா சுவரோரம் சுருட்டிக் கிடந்த அம்மாவின் பாயைப் பார்த்தாள். வேறொன்று அப்போதுதான் உறைத்தது.

"தனுவுக்குப் பொகை ஒத்துக்கலன்னு முன்னுக்குப் போனீங்களே."

பிரேமினி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்கம்மா இந்தச் சுவத்தோரமாத்தான் படுக்கிறா, அத்தை."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கதையை நான் கிழித்துப்போடாமல் வைத்திருக்கிறேன். மன்னிப்பு இல்லை, அழுகை இல்லை. தெரியும்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா என்ன நடக்கும்? கயிறு கட்டிப் பூட்டுவாங்க. திரும்ப அந்த ஸ்கூல் ஹோல்ல, சீமெந்துத் தரையில. அங்க இந்தப் புள்ள ஒதடு நீலம்பூத்துப் போச்சி, வினோ. மதினிக்கும் வீடு போயிரும், ஒனக்கும் போயிரும். ஒன்னால முடியும்னா நீ போய்ச் சொல்லு. நான் ஒன்னும் வாயப் பொத்தல."

சுவருக்கு அப்பால் வீரய்யா இருமினார். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வெடிப்பு அவர் வீட்டுப் பக்கம் போகிறதா என்று வினோதா பார்க்கவில்லை. பார்க்க முடிந்தது, பார்க்கவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: வினோதா தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சொல்கிறாள். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், லயத்தைக் காலி செய்கிறார்கள். உயிர் மிஞ்சும். பூட்டிய லயத்தைத் திறந்ததாக இந்தப் பக்கம் யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கள் ஆட்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வேலை செய்த மண்ணில் ஒரு துண்டுகூட எங்கள் பேரில் இல்லாதபோது, எந்த முகத்தோடு எங்களை…

முடிக்கவில்லை. முடித்தால் கதை மேதின மேடையில் ஏறிவிடும்.

இரண்டு: விருந்தாளிகளை அடித்து விரட்டுகிறாள். நான் உட்காரும்போது எழுத ஆசைப்பட்டது இதைத்தான். மா மிஞ்சும். வெடிப்பும் மிஞ்சும், அதைப் பார்க்கத் தெரிந்தவள் போய்விடுவாள்.

மூன்று, நடந்தது: சாயங்காலம் வினோதா பெட்டியைத் திறந்தாள். தேநீர்க் கோப்பையில் மாவைக் கரைத்தாள். பிளந்த இடத்தில் பிரேமினி பூச, அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் விரலை நனைத்துப் பூசினாள். ஒருத்தி ஜன்னலிலிருந்து கீழே, மற்றவள் அடியிலிருந்து மேலே. பூசி முடித்து, அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்கள்.

கோயிலிலிருந்து வந்த வேலாயி கோப்பையைப் பார்த்துவிட்டாள். "மாவ எதுக்குடி கரைக்கிற?"

"தோசைக்கும்மா."

"பூட்டத் தொறந்துட்டியா? நல்லது." அவள் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

"அம்மா, இன்னைக்கு நீங்க முன்னுக்குப் படுங்க."

"எதுக்கு? முட்டிக்கு அடுப்புச் சூடுதான் எதமா இருக்கு. நீ போடி."

வேலாயி பாயை விரித்தாள். தலைமாட்டைப் பின்சுவர்ப் பக்கம் வைத்து. வினோதா வாயைத் திறந்தாள்…

7

இதற்குமேல் என்னிடம் இல்லை.

அவளுக்கு என்ன வாக்கியம் கொடுத்தாலும் அதில் ஒரு வீடு போகிறது, அல்லது ஓர் ஆள் போகிறது. மா காய விடியும்வரை ஆகும். தகரத்தில் மழை திரும்பவும் பிடித்துவிட்டது. காலையில் அடுப்படிக்குப் போய்ப் பார்ப்பது யார்? பிரேமினி போகமாட்டாள், பார்க்கிற வேலையை இனி வினோதாவிடம் விட்டுவிட்டாள். வினோதாவுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். வீரய்யாவின் இருமல் நின்று வெகுநேரமாகிறது. ஒரு மனுசன் இருமலை அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்றால், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நீங்களும் அப்படித்தான். முதல் பகுதியிலிருந்து பக்கத்துக் காம்பராவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாம் கேட்டுவிட்டது உங்களுக்கு. நமக்கு நடுவே இருக்கிற சுவர் கூரைவரை இல்லை. அங்கிருந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், தலைமாட்டை நகர்த்தாமல் படுத்திருக்கிற வேலாயிக்குக் கேட்கும்.

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம்.